ஸ்பிரிங் உடைந்த ரேடியோக்கள்

மலேசியாவில், சிரம்பான் பக்கத்துச் செனாவாங்கில் நான் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்த ரேடியோ பாக்டரியில் ரிப்பேர் செக்‌ஷனை மூடிவிட்டார்களாம். போன மாதம் கோயில் திருவிழாவில், இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் சொன்னார்கள்.

"இப்பல்லாம் கெட்டுப் போனா புதுசு கொடுத்துடுறாங்க அக்கா. பழச யாரும் திறந்துகூடப் பாக்குறதில்ல. நேரா நசுக்குற மெஷினுக்குப் போயிடும்."

இன்னொருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் காலத்துல அதுக்குன்னு ஒரு ரூம் வச்சு, பத்துப் பன்னண்டு பேரு உக்காந்திருந்தீங்களாமே. என்னதான் அக்கா பண்ணீங்க நாள் பூரா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். ஆனாலும் சுருக்கென்றது. கூட்டத்தில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

ரந்தாவுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள், ரப்பர் பால் எடுக்கிற வேலை. எழுபதுகளின் நடுவில் செனாவாங்கில் பாக்டரிகள் வரிசையாக எழும்பியபோது, விடியற்காலையில் தோட்டத்து வாசலுக்கே பஸ் வரத் தொடங்கியது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அந்த பஸ்ஸில் முதலில் ஏறியவர்கள் இரண்டு பேர். நானும் பக்கத்து வீட்டுக் கமலாவும். அவளுக்கு இருபது, எனக்குப் பத்தொன்பது. ஆறு மாதம் கம்பிகளை ஒட்ட ஈயம் வைத்தேன், ஒரு வருஷம் செக்கிங்கில் நின்றேன், ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன், பரீட்சை எழுதினேன். ஒரு நாள் ரிப்பேர் செக்‌ஷனில் ஆள் குறைகிறது என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள். எழுதிப் போட்டேன். அந்த அறைக்குள் ஸ்குரூடிரைவர் பிடிக்கப் போன முதல் பெண் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

அங்கே தலைவர் மிஸ்டர் லியூ. தெமியாங்கிலிருந்து ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வருவார். ஒல்லியான ஆள், சட்டையின் கழுத்துப் பொத்தான் எப்போதும் போட்டிருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த வேலையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கொஞ்ச நேரத்தில் நமக்கே எங்கே தப்பு என்று தெரிந்துவிடும். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

முதல் நாள் என் முன்னால் ஒரு கேசட் ரேடியோவை வைத்தார். நான் உடனே ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மத்தியானம் வரைக்கும் திருப்பித் தரவில்லை.

"ஜாங்கான் பூக்கா டூலு," என்றார். முதலில் திறக்காதே.

அவருடைய முறை இதுதான். திரும்பி வந்த செட்டோடு ஒரு சீட்டு வரும். வாங்கினவர் என்ன குறை சொன்னார் என்று கடைக்காரர் எழுதி அனுப்புவது. அதை முதலில் இரண்டு தடவை படிக்க வேண்டும். எந்த ஊர், எந்த வீடு என்று பார்க்க வேண்டும். பிறகு செட்டின் வெளிப்பக்கம். எந்த மூலையில் தூசி, எந்த மூலையில் கீறல், எந்தப் பொத்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது. பிறகு மூக்கை வைத்து முகர வேண்டும். கருகிய வாசம், எண்ணெய் வாசம், எறும்பு மருந்து வாசம், ஒவ்வொன்றும் ஒரு சேதி சொல்லும். பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஆட்ட வேண்டும். அதற்கும் பிறகு, அதை வாங்கினவர் வீட்டில் எப்படிப் போடுவாரோ அப்படியே போட்டுக் கேட்க வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் ஸ்குரூடிரைவர். கழற்றுகிற ஆணிகளைக் கொட்டி வைக்கக் கூடாது. ஒரு அட்டையில் செட்டின் படத்தைப் பென்சிலால் வரைந்து, எந்த ஆணி எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வைக்க வேண்டும். இன்றைக்கும் என் வீட்டில் மிக்ஸியைத் திறந்தால்கூட நான் அட்டை தேடுவேன்.

சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து நாங்கள் சிரித்தால் அவருக்குப் பிடிக்காது. "வாங்கினவங்க பொய் சொல்லமாட்டாங்க. வியாதியோட பேரு அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்," என்று மலாயில் சொல்வார்.

சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்? 'ரேடியோ கோபித்துக்கொள்கிறது' என்று ஒருவர் எழுதியிருப்பார். 'மழை பெய்தால் மட்டும் பாடும்' என்று ஒருவர். 'மாமியார் தொட்டால் பாடும், நான் தொட்டால் பாடாது' என்று ஒரு பெண். அந்தப் பெண் சொன்னது சத்தியமான உண்மை. மாமியாருக்குக் கை நடுக்கம். அந்த நடுக்கத்தில் உள்ளே விட்டுப்போன கம்பி ஒட்டிக்கொண்டு பாடியிருக்கிறது. ஒரு செட்டுக்குள் பல்லி முட்டை இருந்தது. ஒன்றில் எறும்புகள் புற்றே கட்டியிருந்தன. பூப்போட்ட துணியில் உறை தைத்து ரேடியோவுக்குப் போட்டு, அதன் மேல் சாமி படம் வைத்து, விளக்கும் ஏற்றியிருந்தார்கள் ஒரு வீட்டில். சூட்டில் மேல் மூடி அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. 'பக்தியாகத்தான் வைத்திருந்தோம், ஏன் கெட்டது என்று தெரியவில்லை' என்று சீட்டு.

என் வீட்டிலேயும் நடந்தது. என் கணவர் டிவியில் கோடு விழுந்தால் உச்சந்தலையில் இரண்டு அடி வைப்பார். "நாள் பூரா ரேடியோ ரிப்பேர் பாக்குறவ வீட்டுல டிவி அடி வாங்குது, யாராவது கேட்டா மானம் போகும்லா," என்பேன். "அடிச்சா சரியாவுதுல்ல? அப்புறம் என்ன?" என்பார். அடித்தால் சரியாகத்தான் செய்யும். அதுதான் எரிச்சல்.

மிஸ்டர் லியூ என்னை மதிக்க ஆரம்பித்தது ஒரு மண்டோரின் ரேடியோவால். ஜெலுபு பக்கத்துத் தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. 'பகலில் நன்றாகப் பாடுகிறது. ஆறு மணிச் செய்திக்குச் சரியாகக் கரகரக்கிறது' என்று சீட்டு. மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. மூன்று தடவையும் எங்கள் மேசையில் வைத்துப் போட்டால் கோயில் மணி மாதிரி கணீரென்று பாடியது. மண்டோருக்குத்தான் கோளாறு என்று எங்கள் அறையில் பேச்சு.

நான் சீட்டைப் படித்துவிட்டு, "மிஸ்டர் லியூ, பகல்ல இவரு பேட்டரியில போடுறாரு. ஆறு மணிக்குத்தான் லெட்ரிக்குல போடுறாரு," என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"தோட்டத்துல ஜெனரேட்டர் சாயங்காலம்தான் ஓடும். ஆறு மணிக்கு எல்லா வீட்டு லைட்டும் ஒண்ணா எரியும். எங்க வீட்டுல அந்த நேரத்துல பல்பு எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளா இருக்கும். கரண்டு பத்தாது."

அவர் எழுந்து போய், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்டோர் ரேடியோவை அதில் மாட்டி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரு இடத்தில் கரகரவென்று ஆரம்பித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மாடலில் ஒரு சாமான் பலவீனமாக இருந்தது. பட்டணத்துக் கரண்டில் அது ஒருபோதும் வெளியே தெரியாது. அதை மாற்றிக் கொடுத்தோம், மண்டோரின் ரேடியோ மறுபடி வரவே இல்லை. அன்றிலிருந்து தோட்டத்து முகவரி உள்ள செட் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும்.

இனி அந்த ஸ்பிரிங் விஷயம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கேசட் ரேடியோ போட்டோம். கையில் தூக்கிப் போகலாம், பேட்டரியிலும் ஓடும். தீபாவளிக்கு முன்னால் தோட்டங்களில் நன்றாக விற்றது. தீபாவளி கழிந்து நான்கு ஐந்து மாதத்தில் திரும்பி வர ஆரம்பித்தது. முதல் வாரம் மூன்று. அடுத்த வாரம் எட்டு. அப்புறம் ஒரே வாரத்தில் பதினேழு. எல்லாவற்றிலும் ஒரே குறை. பேட்டரிப் பெட்டிக்குள் பித்தளைத் தகடு ஒன்று உண்டு. பேட்டரியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் ஸ்பிரிங் என்போம். அது வளைவில் பிளந்து இரண்டு துண்டாகிக் கிடந்தது.

அந்த ஸ்பிரிங்கை மெஷின் மாட்டாது. மூன்று பெண்கள் குறட்டால் வளைத்துக் கையால் மாட்டுவார்கள். ரோஹானா, சுசீலா, கமலா. என்னோடு பஸ் ஏறிய அதே கமலா. அப்போது அவள் செனாவாங்கிலேயே வாடகைக்கு வீடு எடுத்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருஷம்.

மேனேஜர் ஒரு நாள் உடைந்த ஸ்பிரிங்குகளை ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு லைனுக்கே வந்துவிட்டார். ஒரு லைனுக்கு நாற்பது பெண்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, கமலாவின் மேசைக்கு முன்னால் அந்தத் தட்டைக் கவிழ்த்தார்.

"உடைஞ்சது எல்லாம் வளைவுலதான் உடைஞ்சிருக்கு. வளைக்கிறது யாரு? நீங்க மூணு பேரு. மண்வெட்டி பிடிச்ச கைக்கு இந்த வேலை வராதுன்னு அப்பவே சொன்னேன்."

மலாயில்தான் சொன்னார். 'தாங்கான் சங்கூல்' என்ற அந்த வார்த்தை, மண்வெட்டிக் கை, எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாதக் கடைசியில் மூன்று பேரையும் நிறுத்திவிடப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கமலா அழவில்லை. சிதறிக் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். தன் மேசையைத் துடைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் வரவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

"நீ வேகமா வளைச்சியா கமலா? நெசத்தச் சொல்லு," என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சரோஜா, ஆறு வருஷமா ஒரு நாளைக்கு ஐந்நூறு ஸ்பிரிங் மாட்டுறேன். ஒரு தடவ வளைச்சத ரெண்டாவது தடவ தொடமாட்டேன். நீயே இப்படிக் கேட்டா, அப்புறம் அந்த ஆளு கேக்குறதுல என்ன இருக்கு?"

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

மறுநாள் நான் புது ஸ்பிரிங்கை எடுத்து வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பிடித்து மாட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஒன்றுகூட அப்படிப் பிளக்கவில்லை. உடைத்தே தீருவது என்று உடைத்த ஒன்றின் வாயும் வேறு மாதிரி இருந்தது. திரும்பி வந்ததில் வெடிப்பு நூல் மாதிரி ஓடியிருந்தது, ஓரமெல்லாம் மங்கிக் கறுத்திருந்தது. மிஸ்டர் லியூவிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"சீட்டெல்லாம் எடு," என்றார்.

அறுபதுக்கு மேல் சீட்டுகள். மேசை முழுக்கப் பரப்பினோம். பகாவ், கோலப்பிலா, ஜெலுபு, தம்பின். எல்லாம் தோட்டத்து முகவரி. சிரம்பான் பட்டணத்து வீடு ஒன்றுகூட இல்லை. பட்டணத்திலும் அதே மாடல் நூற்றுக்கணக்கில் விற்றிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தோட்டத்து ஆளுங்களுக்குச் சாமானை வச்சுக்கத் தெரியாது. கீழ போடுவாங்க, பிள்ளைங்க விளையாடும்," என்றார். அப்படியானால் கமலாவின் கை எங்கே வந்தது என்று கேட்க வாய் வந்தது. மிஸ்டர் லியூ என் பக்கம் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "சரோஜா, தோட்டத்துல ரேடியோவக் கீழ போடுவாங்களா?"

"ரேடியோவையா? பிள்ளையக் கீழ போட்டாலும் போடுவாங்க, ரேடியோவப் போடமாட்டாங்க."

"அப்ப நாமே போய்ப் பாக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பகாவுக்குப் போய், அங்கிருந்து செம்மண் ரோட்டில் உள்ளே போனோம். ஒரே தோட்டத்தில் மட்டும் ஆறு சீட்டு இருந்தது. முதல் வீடு அஞ்சலை அக்கா என்பவருடையது. பால்மரம் வெட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். ரேடியோ கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் பயந்துபோனார்.

"நாங்க ஒண்ணுமே பண்ணலம்மா. பத்திரமாத்தான் வச்சிருந்தோம்."

"தெரியும்க்கா. எப்படி வச்சிருந்தீங்கன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்."

மிஸ்டர் லியூ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கொடுத்த கோப்பி ஓவை, பால் விடாத காப்பியை, மரியாதையாகக் குடித்தார். நான் உள்ளே போனேன். சின்ன வீடு. சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்திருந்தது. ரேடியோ இருந்த இடத்தில் துணி விரித்தபடியே காலியாக இருந்தது.

"ஏன்க்கா இவ்வளவு உயரத்துல?"

"கீழ வச்சா புள்ளைங்க நோண்டும்லா. எட்டக் கூடாதுன்னுதான் மேல வச்சேன்."

முக்காலி போட்டு ஏறினேன். பலகைக்கு முகம் போனதும் கண்ணில் சுரீர் என்று எரிந்தது. மூக்கை அடைத்தது. அந்த வாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா சேலையில், அம்மா கையில், சின்ன வயதில் தினமும் முகர்ந்த வாசம். ரேடியோ இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு மருந்து போத்தல் நின்றது. துணியைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தது.

"இது அமோனியாவா அக்கா?"

"ஆமாம்மா. வெயில் நாள்ல பால் வாளியிலேயே உறைஞ்சிடும், ரெண்டு சொட்டு ஊத்துவோம். மண்டோர் கொடுப்பாரு. அதும் புள்ளைங்க கைக்கு எட்டக் கூடாதுல்ல? அதான் மேல."

நான் முக்காலியிலேயே நின்றுவிட்டேன். வீட்டில் பிள்ளைகள் தொடக் கூடாத சாமான் இரண்டே இரண்டு. ஒன்று கண்ணான சாமான், ஒன்று விஷம். இரண்டுக்கும் இருக்கிற ஒரே உயரமான இடம் அந்தப் பலகை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அப்பாவின் ரேடியோவும் அம்மாவின் போத்தலும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அறுபது சீட்டைப் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. பெட்டியில் அடைத்து, கடையில் கிடந்து, எங்களிடம் வருவதற்குள் வாசம் போய்விடும். அதனால் மூக்குக்கும் அகப்படவில்லை.

இரண்டாவது வீட்டுக்குப் போனோம். மேல் பலகை, போத்தல். மூன்றாவது வீடு, அதே. நான்காவது வீட்டில் போத்தல் இல்லை. புருஷன் அன்றைக்குத்தான் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார். பலகையில் வட்டமாகக் கறை இருந்தது. ஐந்தாவது வீடு பூட்டிக் கிடந்தது. ஆறாவது வீட்டுக்காரர் ஊரில் இல்லை. போதும் என்றார் மிஸ்டர் லியூ.

அஞ்சலை அக்கா அரை போத்தல் அமோனியாவைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பகாவிலிருந்து செனாவாங் வரைக்கும் காரின் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் ஒழுக வந்தோம். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார்.

திங்கட்கிழமை மிஸ்டர் லியூ ஒரு காரியம் செய்தார். அவருடைய குணம் முழுக்க அதில் இருக்கிறது. ஒரு குறட்டையும் நான்கு புது ஸ்பிரிங்குகளையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். "எப்படி வளைக்கணும்னு சரியான மாதிரி ஒண்ணு வேணும். நீங்களே வளைச்சுக் கொடுத்தா நல்லது," என்று பணிவாகக் கேட்டார். மேனேஜருக்குச் சந்தோஷம். கவனமாக, அழகாக நான்கையும் வளைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார் மிஸ்டர் லியூ. அது போல ரோஹானா வளைத்தது நான்கு, சுசீலா வளைத்தது நான்கு. கமலா வீட்டில் இருந்ததால், கடைசியாக அவள் மாட்டி வைத்துவிட்டுப் போன பெட்டிகளிலிருந்து நான்கு எடுத்தோம்.

இரண்டு பெரிய பிஸ்கட் டின். ஒவ்வொரு டின்னிலும் எல்லாருடைய ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டு, பேட்டரிப் பெட்டியில் மாட்டியபடி. ஒரு டின்னில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். இன்னொன்றில் அதே அளவுக் கிண்ணத்தில் அமோனியா. மூடியைப் போட்டு, மூடி மேல் காகிதம் ஒட்டி, அதன் மேல் நானும் அவரும் கையெழுத்துப் போட்டோம். யாரும் திறந்து பார்த்ததாகச் சொல்லக் கூடாது.

நான்கு நாள் காத்திருந்தோம். மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நான்கு நாளும் நான் கமலா வீட்டுப் பக்கம் போகவில்லை. எதைச் சொல்லிப் போவது? வெறும் ஆசை காட்டிவிட்டு, டின்னைத் திறந்தால் எல்லாம் முழுசாக இருந்தால்?

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் மேசையிலேயே வைத்துத் திறந்தோம். தண்ணீர் வைத்த டின்னில் எட்டும் பளபளவென்று இருந்தன. இரண்டாவது டின்னைத் திறந்ததும் மேனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வாசம் கொஞ்சம் அடங்கியதும் மிஸ்டர் லியூ ஒரு பேட்டரியை என்னிடம் நீட்டினார்.

"நீ போடு."

ரோஹானாவின் ஸ்பிரிங்கில் பேட்டரியை வைத்தேன். டிக் என்றது. இரண்டு துண்டு. சுசீலாவின் ஒன்றும் அப்படியே. கமலாவின் இரண்டும் உடைந்தன. அடுத்து, கையெழுத்துப் போட்ட சீட்டு தொங்கியது. நான் கொஞ்சம் தயங்கினேன். மிஸ்டர் லியூ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். வைத்தேன். டிக். மேனேஜர் வளைத்த ஸ்பிரிங், நூல் பிடித்தது போல, அதே வளைவில் பிளந்தது. இன்னொன்றை அவர் தானே கையில் எடுத்தார். தொடும்போதே முறிந்துவிட்டது.

அவர் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "இது என்ன திரவம்?" என்றார்.

மிஸ்டர் லியூ டின்னை மூடினார். என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். மேல் பலகையையும் போத்தலையும் பிள்ளைகளையும் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் பாதி மலாய் பாதி. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முடித்ததும் கடைசியாக ஒன்று சேர்த்தேன். "தோட்டத்து ஆளுங்க இந்த ரேடியோவக் கீழ போடல சார். வீட்டுலயே உசந்த எடத்துல வச்சிருந்தாங்க."

"யாரு கண்டுபிடிச்சது?" என்று அவர் மிஸ்டர் லியூவைப் பார்த்துக் கேட்டார்.

"சரோஜா," என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டு மாதத்தில் ஸ்பிரிங்கை வேறு உலோகத்துக்கு மாற்றினார்கள். அமோனியாவுக்கு அசையாதது. திரும்பி வந்த செட்டுகளில் புது ஸ்பிரிங் போட்டு, அறுபதுக்கும் மேற்பட்டதை நாங்களே திருப்பி அனுப்பினோம். ரேடியோவோடு கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் அதுவரை இங்கிலீஷ், மலாய், சீனம் மூன்றுதான். அடுத்த பதிப்பில் நான்காவதாகத் தமிழில் ஒரு பக்கம் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். பின்னால் என்னை அந்தப் பிரிவுக்கே இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். மிஸ்டர் லியூ ஓய்வு பெற்றபோது அவருடைய மேசை எனக்கு வந்தது. நாள் பூரா என்ன பண்ணீங்க என்று கேட்ட பெண்ணுக்கு இவ்வளவும் சேர்ந்துதான் பதில்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

மேனேஜர் மூன்று பேரையும் நிறுத்துகிற தாளை அன்றே கிழித்துவிட்டார். கமலாவைத் திங்கட்கிழமை வரச் சொல் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு பறந்தேன். அவள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிளிப்பை வாயில் கவ்வியபடியே கேட்டாள். மேனேஜருடைய ஸ்பிரிங் உடைந்தது என்றபோது மட்டும் கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள். நான் அவளை அன்றைக்குச் சந்தேகப்பட்டதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடு. நீ வீடு தேடி வந்து கேட்ட," என்றாள். "அவரு நாப்பது பேரு முன்னால என் மேசையில கொட்டினாரு. வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு உங்கிட்டச் சொல்லிவிட்டா நான் வரமாட்டேன். கொட்டினது அத்தன பேரு முன்னால. சொல்றதும் அத்தன பேரு முன்னால சொல்லட்டும்."

"கமலா, அவரு மேனேஜரு. அதெல்லாம் செய்வாரா? வேல போயிடும் புள்ள."

"போனாப் போவுது. எனக்குத் திரும்பி அந்த முக்காலியில உக்காரணும்னா, அந்த நாப்பது பேரு மூஞ்சியப் பாக்கணும்ல."

திரும்பிப் போய் மிஸ்டர் லியூவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். மேனேஜரிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்கு இன்று வரை தெரியாது. திங்கட்கிழமை காலை கமலாவை மட்டும் எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்றார்.

மிஸ்டர் லியூ கூப்பிடுகிறார் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் லைன் ஓரத்தில், கைப்பையைக் கழற்றாமல் நின்றாள். எட்டு மணிக்கு, சாமான்களை மேசை மேசையாக நகர்த்தும் பெல்ட் ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் கழித்து மிஸ்டர் லியூ நடந்து வந்து, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அந்த பாக்டரியில் தீப்பிடித்தால் தவிர யாரும் தொடாத பொத்தான். பெல்ட் நின்றது. நாற்பது பெண்களும் தலை நிமிர்ந்தார்கள். அந்த இடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

மேனேஜர் தன் அறையிலிருந்து இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. கமலாவுக்கு முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில், மலாயில் சொன்னார்.

"ஸ்பிரிங் உடைஞ்சது உலோகத்தால. கையால இல்ல. உங்க மூணு பேரு கையிலயும் தப்பு இல்ல. நான் சொன்னது தப்பு."

ரோஹானா அழுதுவிட்டாள். சுசீலா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கமலா மேனேஜரை நேராகப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கழற்றி மேசைக்குக் கீழே வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குறட்டைக் கையில் எடுத்து அதன் வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"சரி சார்," என்றாள். "பெல்ட் ஜாலான். ஓடட்டும்."